ஊதியக்கார வள்ளல் கார்வே

வள்ளல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவோர் பெருஞ்செல்வரே. மாதச் சம்பளத்தை எண்ணிக் குடும்பம் நடத்தும் நம் போன்றோர், கொடை நமக்கு எட்டாதது என்று ஒதுங்கி விடுகிறோம். அவ்வெண்ணம் பிழையென்று, நாம் குடியேறி வாழும் இம்மராட்டிய மண்ணிலேயே வாழ்ந்து காட்டியவர் தோண்டோ கேசவ கார்வே.

1858 ஏப்ரல் 18இல் இரத்தினகிரி மாவட்டத்தின் ஷேரவலி என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்த கார்வே, முருட் கிராமத்தில் வளர்ந்தார். இளமையில் ஒரு தேர்வு எழுதும் பொருட்டு, மலைவழியே சுமார் 110 மைல் நடந்து ஸதாரா நகரை அடைந்தார். பார்வைக்குச் சிறுவனாகத் தோன்றுகிறார் என்று கூறித் தேர்வாளர் அவரைத் திருப்பி அனுப்பினர். எனினும் அவர் மனந்தளரவில்லை. 1881இல் மெட்ரிகுலேஷன் தேறி, பின்னர்ப் பம்பாயில் பட்டமும் பெற்றார். 1891இல் புனே பெர்குஸன் கல்லூரியில் கணித ஆசிரியராக அமர்ந்தார்.

அவ்வாண்டே மனைவி இராதாபாய் மறைந்தார். மறுமணம் செய்வதாயின் கைம்பெண் ஒருவரையே மணப்பது என்று உறுதி பூண்ட கார்வே, 1893இல் கோதுபாய் அம்மையாரை மணந்தார். எட்டு வயதிலேயே கணவனை இழந்தவர் அவ்வம்மையார். சொந்த ஊரார் கார்வேயைச் சாதியினின்றும் விலக்கி வைத்தனர். தாம் ஒருவர் மணந்து கொள்வதால் மட்டும் நாட்டின் கைம்பெண்கள் துயர் தீராது, கல்வியே அவர்களைத் தம் காலில் நிற்கச் செய்யும் என்று கார்வே தெளிந்தார். 1896இல் அவர்களுக்கென ஒரு விடுதியைத் தோற்றுவித்தார்.

1900இல் அவ்விடுதி புனேக்கு வெளியே ஹிங்கணே என்னுமிடத்துக்குப் பெயர்ந்தது. அங்கே இருந்தது ஒரு குடிசையே. கல்லூரிப் பணி முடிந்ததும், மாலைதோறும் சில மைல் நடந்து அங்கே சென்று பாடம் சொல்லிக் கொடுத்து, மறுநாட் காலையில் நகருக்குத் திரும்புவார். சேறும் இருளும் அவரைத் தடுக்கவில்லை. விடுமுறை நாட்களில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். சிறு தொகையையும் நன்றியுடன் ஏற்றார். தம் ஆயுள் காப்புப் பத்திரத்தையும் விடுதிக்கே எழுதிக் கொடுத்தார். அதனால் இல்லத்தில் எழுந்த கவலையை, குடும்பஸ்தராகிய நாம் நன்கு உணர்வோம்.

ஜப்பானிய மகளிர் பல்கலைக்கழகத்தைப் பற்றிய நூலொன்றைப் படித்த கார்வே, 1916இல் இந்தியப் பெண்டிர்க்கும் அத்தகைய ஒன்றை நிறுவினார். தாய்மொழியே அங்கே பயிற்று மொழி. முதலில் சேர்ந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. 1920இல் சர் விட்டல்தாஸ் தாக்கர்சி 15 இலட்சம் ரூபாய் வழங்க, அவருடைய அன்னையாரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இன்று மும்பையில் விளங்கும் எஸ். என். டி. டி. மகளிர் பல்கலைக்கழகம் அதுவே. செல்வர் கொடுத்தது பெருந்தொகை. அத்தொகை வந்து சேர்வதற்குரிய இடத்தை இருபது ஆண்டுகள் நடந்து நடந்து உருவாக்கியவர் ஊதியக்காரராகிய கார்வே.

முதுமையிலும் ஓய்வு கொள்ளாமல், 1936இல் பள்ளியில்லாக் கிராமங்களுக்கு ஆரம்பக் கல்வி அளிக்கச் சங்கம் அமைத்தார். 1958இல் பாரத ரத்னா விருது அவரைத் தேடி வந்தது. 1962 நவம்பர் 9இல், 104ஆம் வயதில் மறைந்தார்.

கார்வேயின் கொடையில் பணம் குறைவு. காலமும் கால்நடையும் மிகுதி. நம் காலனியிலும் மாலையில் ஒரு மணி நேரம் பாடம் சொல்லித்தரக் கூடியோர் உள்ளனர். நூல் வாங்க இயலாப் பிள்ளைகளும் உள்ளனர். இவ்விரு சாராரையும் ஒன்று சேர்ப்பதற்குப் பெருஞ்செல்வர் எவரும் வேண்டுவதில்லை. இவ்வாண்டு விழாவில் அதற்கொரு தொடக்கம் செய்வோமாக.