கணித யந்திர கர்த்தா சார்லஸ் பாபேஜ்

இன்று பாங்கிக் கணக்கு முதல் ரயில் டிக்கெட் வரையில் கம்ப்யூட்டரின் துணையின்றி நடைபெறும் காரியங்கள் சொற்பமே. அந்த யந்திரத்தைத் திறந்து பார்த்தால் முக்கியமாக இரண்டு அங்கங்கள் இருக்கக் காணலாம். ஒன்று, கணக்கைப் போடும் அங்கம். மற்றொன்று, எண்களையும் கட்டளைகளையும் ஞாபகத்தில் வைத்திருக்கும் அங்கம். கணக்கிடுவது வேறு, ஞாபகம் வைத்திருப்பது வேறு என்று கண்டு, இரண்டிற்கும் தனித்தனி இடம் வகுத்தவர், வீடுகளுக்கு மின்சார விளக்கு வருவதற்கு முன்பே காலஞ்சென்ற ஓர் ஆங்கிலேயர். சார்லஸ் பாபேஜ் என்பது அவர் பெயர். தாம் கருதிய பெரிய யந்திரங்களில் ஒன்றையேனும் பூர்த்தியான நிலையில் காணும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை. குற்றம் யாருடையது என்ற கேள்வி நெடுங்காலம் விவாதத்திற்கு இடமாயிருந்து வந்தது.

பாபேஜ் 1791ஆம் வருஷம் டிசம்பர் 26ஆம் தேதி லண்டனில் ஒரு பாங்கி முதலாளியின் குமாரராகப் பிறந்தார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கணிதம் பயின்றார். பிற்காலத்தில், நியூட்டன் வகித்த அதே கணித ஆசிரியர் பதவியை 1828 முதல் 1839 வரை வகித்தார்.

அக்காலத்தில் மாலுமிகளும் வான சாஸ்திரிகளும் என்ஜினீயர்களும் அச்சிட்ட கணித வாய்பாடுகளையே நம்பியிருந்தனர். அவற்றை மனிதர்கள் கணக்கிட்டார்கள். மனிதர்களே அச்சுக் கோத்தார்கள். ஆகவே பிழைகள் மலிந்திருந்தன. நடுக்கடலில் ஓர் இலக்கம் தவறினால் கப்பலே பாறையில் மோதக் கூடும். 1821இல் பாபேஜும் அவருடைய நண்பர் ஜான் ஹெர்ஷலும் இத்தகைய கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பிழைக்கு மேல் பிழை வந்தது. களைப்பும் கவனக் குறைவும் அறியாத யந்திரமே இதற்குப் பரிகாரம் என்று பாபேஜ் துணிந்தார்.

அவர் கண்ட உபாயம் எளிது. 1, 4, 9, 16 என்ற வர்க்க எண்களை எடுத்துக் கொள்வோம். இவற்றின் வித்தியாசங்கள் 3, 5, 7. அந்த வித்தியாசங்களுக்குள் உள்ள வித்தியாசமோ எப்போதும் 2. ஆகவே, பெருக்கலே இல்லாமல், கூட்டலை மட்டும் செய்துகொண்டே போனால் வாய்பாடு முழுவதும் கிடைத்துவிடும். கூட்டுவதற்குப் பல் சக்கரங்கள் போதும். 1822இல் சிறு மாதிரி ஒன்றைச் செய்து காட்டினார். மறு வருஷம் பிரிட்டிஷ் சர்க்கார் 1,500 பவுன் உதவி அளித்தது. ஜோசப் கிளெமெண்ட் என்ற தேர்ந்த தொழிலாளி வேலையை மேற்கொண்டார்.

1827இல் துயரம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. தந்தை, மனைவி, இரண்டு குழந்தைகள் ஆகியோரை அவர் அந்த ஒரே வருஷத்தில் இழந்தார். எனினும் வேலை நின்றுவிடவில்லை. 1832இல் யந்திரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பாகம் சேர்க்கப்பட்டுப் பிழையின்றி இயங்கிற்று. ஆனால் மறு வருஷமே கிளெமெண்டுடன் பணத் தகராறு முற்றி வேலை நின்றது. அதுவரையில் சர்க்கார் செலவிட்ட தொகை 17,000 பவுனுக்கு மேல். கடைசியில் 1842இல் பிரதம மந்திரி பீல் காலத்தில் சர்க்கார் அத்திட்டத்தை அடியோடு கைவிட்டது.

இதற்கிடையில் பாபேஜின் மனம் வேறிடம் சென்றுவிட்டது. ஒரே வகைக் கணக்கைச் செய்யும் யந்திரம் எதற்கு, எந்தக் கணக்கையும் செய்யக்கூடிய யந்திரம் ஒன்று இருக்கும்போது என்று 1834 முதல் அவர் யோசிக்கலானார். அந்தப் புதிய யந்திரத்திற்கு இரண்டு பிரதான பகுதிகள். ஒன்றுக்கு ஆலை என்று பெயர். கணக்கு அங்கே நடைபெறும். மற்றொன்றுக்குக் கிடங்கு என்று பெயர்; எண்கள் அங்கே காத்திருக்கும். கிடங்கில் சக்கரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு சக்கரத்திலும் 0 முதல் 9 வரை இலக்கங்கள். திருப்பிய இடத்தில் சக்கரம் நிற்கும். அதுவே அதன் ஞாபகம். ஐம்பது இலக்கங்கள் கொண்ட எண்கள் ஆயிரத்தை இப்படிச் சேமிக்க அவர் உத்தேசித்தார்.

கட்டளை கொடுப்பதற்கு, பிரான்ஸில் ஜக்கார்ட் தறியில் பூவேலை நெய்வதற்குப் பயன்பட்ட துளையிட்ட அட்டைகளை எடுத்துக் கொண்டார். கிடங்கில் இல்லாத எண் தேவைப்பட்டால் யந்திரம் மணியடித்து உரிய அட்டையைக் கேட்கும். தவறான அட்டையை வைத்தால் இன்னும் உரக்க மணியடிக்கும். வேலை நடக்கும்போது மட்டும் எண்களை ஏந்தி நிற்கும் ராம் என்னும் உள் ஞாபகத்திற்கும், மின்சாரம் நின்றாலும் விவரங்களைக் காத்து வைக்கும் டிஸ்க்கிற்கும் இன்றுள்ள வேற்றுமையை, அந்தச் சக்கரங்களிலும் அட்டைகளிலும் அப்போதே காண்கிறோம்.

1840இல் இத்தாலியில் டூரின் நகரில் பாபேஜ் இதை விளக்கினார். பிற்காலத்தில் அந்நாட்டின் பிரதம மந்திரியான மெனாப்ரியா அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அதை 1843இல் ஆங்கிலத்தில் பெயர்த்த அடா லவ்லேஸ் சீமாட்டி, மூலத்தைவிட நீண்ட குறிப்புகளையும் சேர்த்தார். ஆயினும் யந்திரம் காகிதத்திலேயே நின்றது. பார்லிமெண்டுக்கு இருமுறை போட்டியிட்டும் பாபேஜ் தோற்றார். வீதியில் வாத்தியம் வாசிப்பவர்களுடன் ஓயாமல் சண்டையிடும் முதியவராகவே பலர் அவரை அறிந்திருந்தனர். 1871ஆம் வருஷம் அக்டோபர் 18ஆம் தேதி காலமானார்.

இந்தியாவில் வங்காள ராணுவத்தில் உத்தியோகம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய அவருடைய குமாரர் ஹென்றி, தந்தை விட்டுச்சென்ற துண்டுகளைக் கொண்டு சில பகுதிகளைச் சேர்த்தார். ஆனால் தீர்ப்பு வந்தது 1991இல்தான். அவ்வருஷம் லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையார், பாபேஜ் 1840களின் இறுதியில் வரைந்த இரண்டாவது வித்தியாச யந்திரத்தின் கணக்கிடும் பகுதியை, அக்காலத்தில் சாத்தியமான துல்லியத்திற்கு மேற்படாமல் செய்து முடித்தனர். அது பிழையின்றிக் கணக்கிட்டது. அச்சிடும் பகுதியும் 2002இல் முடிந்தது. மொத்தம் 8,000 உறுப்புகள். ஐந்து டன் எடை. இதனிடையே, 1948இல் மான்செஸ்டர் நகரில், கட்டளைகளையும் எண்களையும் ஒரே மின்சாரக் கிடங்கில் வைத்த கம்ப்யூட்டர் முதன்முதலாக இயங்கிவிட்டது.

ஆகவே அவருடைய கணக்கில் பிழையில்லை என்பது நிச்சயம். சர்க்கார் பொறுமை இழந்தது உண்மை. ஆனால் ஒன்றை முடிக்குமுன் அதைவிட மேலானதை நாடிச் சென்றவரிடம் பொதுப் பணத்தை மேலும் மேலும் கொடுக்க எந்த மந்திரியும் தயங்கியிருப்பார் என்பதையும் மறுக்க முடியாது. மேலான யோசனை உதித்த பிறகும் கைக்கொண்ட காரியத்தை முடிப்பதற்கு ஒரு தனி மனோதிடம் வேண்டும். பாபேஜிடம் அது குறைவாயிருந்தது. அந்தக் குறையினால் அவர் காலத்து மாலுமிகள் பிழை மலிந்த வாய்பாடுகளையே கையில் வைத்துக்கொண்டு கடலில் சென்றார்கள்.