வள்ளல் அழகப்பர்

செட்டிநாட்டுச் செல்வம் நெடுங்காலம் கோபுரங்களாக எழுந்தது. கடல் கடந்து ஈட்டிய பொருளால் கோயில்களுக்குத் திருப்பணி செய்வது நகரத்தார் மரபு. அம்மரபினர் புதுவைக்கும் அயலாரல்லர். பிரெஞ்சு ஆட்சியில் சைகோனுக்குக் கப்பலேறிய நம்மூர்த் தமிழர் அங்கே நகரத்தாரின் கிட்டங்கிகளைக் கண்டவர்களே. அந்த மரபில் தோன்றிய ஒருவர் தம் பொருளை வேதியியல் கூடத்துக்கும் கணித ஆய்வுக்கும் திருப்பினார். அவரே டாக்டர் இராம. அழகப்பச் செட்டியார்.

1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்தவர் அழகப்பர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார். கணக்கேடும் வட்டியும் கைவந்த குலத்தில் இலக்கியம் கற்கப் புகுந்தது அந்நாளில் புதுமைதான். பின்னர் இலண்டன் சென்று சட்டம் பயின்றார். வங்கித் தொழிலில் பயிற்சி பெற்றார். விமானம் ஓட்டவும் கற்றார். இளமையிலேயே தொழுநோய் அவரைப் பற்றியது. அரசின் உயர்பணி என்னும் கனவு அத்துடன் முடிந்தது. நோயுற்றவரைக் கண்டு உலகம் ஒதுங்கிய காலம் அது. அழகப்பர் ஒதுங்கவில்லை.

ஆலைச் சங்கொலியில் பொழுது விடிந்த முதலியார்பேட்டைக்கு ஆலைமுதலாளி என்னும் சொல் இனிய சொல்லன்று. 1936 ஜூலை 30ஆம் நாள் புதுவைப் பஞ்சாலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். அதையொட்டிய காலத்தில்தான் அழகப்பரும் கொச்சி நாட்டில், திருச்சூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலை தொடங்கினார். அவ்விடம் இன்று அழகப்பநகர் என்றே வழங்குகிறது. ஆலைச் செல்வம் உழைப்பாளியின் வியர்வையில் விளைவது. இவருடைய செல்வமும் அதற்கு விலக்கன்று. ஆனால் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதில்தான் அழகப்பர் வேறுபடுகிறார்.

திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை அமைய ஒரு லட்சம் ரூபாய் தந்தார். அறிஞர் வையாபுரிப் பிள்ளை பின்னாளில் அத்துறையில் பேராசிரியராய் அமர்ந்தார் என்பதைத் தமிழ்க் கவிஞர்கள் நன்றியோடு நினைக்க வேண்டும். கிண்டியில் 1944இல் தொழில்நுட்பக் கல்லூரி தோன்ற ஐந்து லட்சம் அளித்தார். ஆங்கில அரசு ‘சர்’ பட்டம் வழங்கியது. நாடு விடுதலை பெற்றதும் அதைத் துறந்தார். ஜூபிடர் ஏர்வேஸ் என்னும் விமான நிறுவனத்தையும் நடத்திப் பார்த்தார், அது நீடிக்கவில்லை.

1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா நடந்தது. துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார், செல்வர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வர வேண்டும் என்று அங்கே வேண்டினார். அழகப்பர் அந்த மேடையிலேயே இசைந்தார். அடுத்த மாதமே காரைக்குடியில் கலைக்கல்லூரி திறக்கப்பட்டது. கட்டடம் எழும்வரை அவர் காத்திருக்கவில்லை. காந்தி மாளிகையில் வகுப்புகள் தொடங்கின.

காரைக்குடி வறண்ட பூமி. ஆறில்லை, பெருந்தொழிலும் இல்லை. மத்திய அரசு மின்வேதியியலுக்கு ஓர் ஆய்வுக்கூடம் அமைக்க எண்ணியபோது, பெருநகரங்களை விட்டு இப்பொட்டல் வெளிக்கு அது வரக் காரணம் அழகப்பரே. முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் அவர் கொடுத்தார். 1948 ஜூலை 25ஆம் நாள் நேரு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு பொங்கல் நாளில் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மின்கலமும், உலோகத்தைத் தின்னும் துருவும், மின்முலாமும் அங்கே ஆராயப்படலாயின. பெண்கள் கல்லூரிக்குத் தாம் வாழ்ந்த வீட்டையே ஈந்தார். முல்லைக்குத் தேர் ஈந்த பாரி நடந்து சென்றிருப்பான். வீட்டை ஈந்தவர் எங்கே போவார் என்று அவர் எண்ணியதாகத் தெரியவில்லை.

கொடை அவர் கருவூலத்தை முந்திச் சென்றது. இராமானுசன் நினைவாகச் சென்னையில் 1950இல் ஒரு கணித ஆய்வு நிலையம் தொடங்கி, கணித மேதை தி. விஜயராகவனை அதன் இயக்குநராக்கியிருந்தார். பயன் கைமேல் கிட்டாத துறை அது. ஆலைக்கும் அங்காடிக்கும் உதவாது. இரண்டாண்டில் இலாபம் காட்டாத எதையும் தொழிலதிபர் தொடுவது அரிது. அழகப்பரின் வணிகம் தளர்ந்தபோது முதலில் ஆட்டம் கண்டதும் இந்நிலையமே. உடலும் அப்போது தளர்ந்திருந்தது. பத்மபூஷண் விருது வந்தது. 1957 ஏப்ரல் 5ஆம் நாள், நாற்பத்தெட்டாம் அகவை நிறைய ஒரே நாள் இருக்க, அழகப்பர் மறைந்தார்.

நிலையத்தைக் காக்குமாறு சிகாகோவிலிருந்த வானியல் அறிஞர் சந்திரசேகர் நேருவிடம் முறையிட்டார். 1957இலேயே சென்னைப் பல்கலைக்கழகம் அதனை ஏற்றுக்கொண்டது. சேப்பாக்கத்தில் அந்நிலையம் இன்றும் இராமானுசன் பெயரால் விளங்குகிறது. நிறுவியவர் பெயர் அதன் பெயரில் இல்லை. அவர் தொடங்கிய நாளிலும் இருந்ததில்லை.