மைதானத்துக்குப் பயந்த மாணவர்



பாகூர்ல எங்க தெருவுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஜிம் இருக்கு. போன வருஷம் மூணு தடவை அதோட வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தவன் நான். உள்ளே கண்ணாடி முன்னால அண்ணன்மாருங்க பெரிய பெரிய வெயிட்டைத் தூக்கிக்கிட்டு நின்னாங்க. என் கையோ முருங்கைக் குச்சி. பார்த்துச் சிரிச்சிடுவாங்களோன்னு பயம். எங்க வீட்டுல முதன்முதலா காலேஜ் வாசலை மிதிச்சவனும் நான்தான். அன்னைக்கும் இதே பயம்தான். அப்புறம்தான் காந்தியடிகளின் சத்திய சோதனையைப் படித்தேன். பயந்தவன் நான் மட்டும் இல்லை என்று தெரிந்தது.

காந்தியடிகள் 1869 அக்டோபர் 2 அன்று குஜராத்தில் உள்ள போர்பந்தரில் பிறந்தார். பள்ளிப் படிப்பு ராஜ்கோட்டில். கூச்சம்னா அப்படி ஒரு கூச்சம்! பள்ளி விட்டதும், யாராவது கேலி செய்துவிடுவார்களோ என்று வீட்டுக்கு ஒரே ஓட்டம். இருட்டைக் கண்டாலும் பயம். திருடன், பேய், பாம்பு எல்லாம் வரும் என்று விளக்கு இல்லாமல் தூங்கவே மாட்டார்.

தலைமையாசிரியர் தோராப்ஜி எதுல்ஜி கிமி, மேல் வகுப்பு மாணவர்களுக்கு ஜிம்னாஸ்டிக்கையும் கிரிக்கெட்டையும் கட்டாயம் ஆக்கினார். காந்திக்கு இரண்டுமே பிடிக்காது. அதுவரை ஒரு நாள்கூட அவற்றில் கலந்துகொண்டதில்லை. உடற்பயிற்சிக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்பது அவர் எண்ணம். பள்ளி விட்டதும் தந்தைக்குப் பணிவிடை செய்யணும் என்று விலக்கு கேட்டார். கிமி தரவில்லை.

ஒரு சனிக்கிழமை. பள்ளி காலையோடு முடிந்தது. மாலை 4 மணிக்குப் பயிற்சி. கடிகாரம் கிடையாது, வானமோ மேகமூட்டம். நேரம் தெரியாமல் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் கிளம்பிட்டாங்க. நடந்ததைச் சொன்னார். கிமி நம்பவில்லை. ஓரணாவோ இரண்டணாவோ அபராதம். காசு போனதற்காக அல்ல, பொய்யன் என்று பேர் வந்ததே என்று அழுதார். பிறகு தந்தை கடிதம் எழுதித்தான் விலக்கு கிடைத்தது.

குறுக்கு வழியும் தேடினார். ஓட்டத்திலும் தாண்டுவதிலும் கெட்டிக்காரனான ஒரு நண்பன், கறி தின்றால் பலம் வரும் என்றான். சைவக் குடும்பத்துப் பிள்ளை ஆற்றங்கரையில் ஒளிந்து ஆட்டுக்கறி தின்றார். அன்று ராத்திரி வயிற்றுக்குள்ளே ஆடு கத்துவது போல் இருந்ததாம்! சுமார் ஒரு வருஷத்தில் ஐந்தாறு தடவை. வீட்டில் பொய் சொல்ல மனம் வராமல் விட்டுவிட்டார். கறி தப்புன்னு நான் சொல்லலை, எங்க வீட்டுல ஞாயிறு தவறாது. ஆனா ஒரே மாசத்துல பயில்வான் ஆகணும்னு டப்பா டப்பாவா பவுடர் வாங்குற நண்பர்கள் இதை யோசிக்கணும்.

காந்தி விடாமல் பிடித்துக்கொண்டது ஒன்றுதான்: நடை. திறந்த வெளியில் நடப்பது நல்லது என்று புத்தகத்தில் படித்து, பள்ளி நாளிலேயே ஆரம்பித்தார். 1888இல் லண்டன் போனார். அங்கே தினமும் 8, 10 மைல் நடந்தார், வண்டிச் சத்தமும் மிச்சம். 1910இல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க் 21 மைல். சொந்த வேலையாகப் போகிறவர்கள் நடந்துதான் போகணும் என்பது பண்ணையின் சட்டம். 1930 மார்ச் 12இல் சபர்மதியில் இருந்து தண்டிக்கு உப்பெடுக்கக் கிளம்பினார். 24 நாள், சுமார் 240 மைல். அப்போது அவருக்கு வயது 60! 1934இல் நம்ம புதுச்சேரிக்கும் வந்து போனார். 1948 ஜனவரி 30இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இத்தனை நடந்தவர், கூச்சப்பட்டு விளையாட்டில் இருந்து ஒதுங்கியது தவறு என்றே தன் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். பள்ளியில் படிப்புக்குச் சமமான இடம் உடற்பயிற்சிக்கும் வேண்டும் என்கிறார். அந்த இடம்தான் என்னைச் சுட்டது. பயப்படுறது குத்தமில்லை. பயந்து ஒதுங்கியே இருந்துட்டா, அது வயசான பிறகும் உறுத்தும்.

ஒரு மாசம் பாகூர் ஏரிக்கரையில் விடியற்காலையில் நடந்தேன். நாலாவது தடவை ஜிம் வாசலைத் தாண்டினேன். இருக்கிறதிலேயே சின்ன வெயிட்டை எடுத்தேன். ஒருத்தரும் சிரிக்கலை. ஒரு அண்ணன் மட்டும் கிட்ட வந்து, முதுகை வளைக்காம தூக்கச் சொல்லிக் கொடுத்துட்டுப் போனார்.

தோழர்களே! நாளைக்கு நாமும் சீனியர் ஆவோம். வாசல்ல ஒரு முருங்கைக் குச்சித் தம்பி தயங்கி நின்னா, உள்ளே கூப்பிடுவோம்.

– இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்