சமையலறையில் உருவான ‘பலூன்’... இதய அடைப்பை ஆபரேஷன் இல்லாமல் திறந்த டாக்டர்! யார் இந்த குருன்ட்சிக்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒருவருக்கு மாரடைப்பு என்றால், உறவினர்கள் பதறிப்போய் பேசுவது ஆஞ்சியோபிளாஸ்டி பற்றித்தான். திருச்சிக்குப் போறதா, தஞ்சாவூருக்குப் போறதா என்று யோசிப்பவர்களும் உண்டு. இந்த சிகிச்சையை முதன்முதலில் செய்து காட்டியவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக்.

போர் பறித்த அப்பா

1939 ஜூன் 25-ல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் பிறந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் போன அப்பா திரும்பி வரவே இல்லை. அம்மாவின் வளர்ப்பில் படித்த அவர், கிழக்கு ஜெர்மனியிலிருந்து மேற்கு ஜெர்மனிக்குத் தப்பிப்போய், ஹைடல்பெர்க்கில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1969-ல் சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்ந்தார்.

சமையலறை மேஜையில் ஆய்வு

கால் ரத்தக்குழாய் அடைப்பை குழாய் விட்டே திறக்கலாம் என்று 1964-ல் அமெரிக்க டாக்டர் சார்லஸ் டாட்டர் காட்டியிருந்தார். குழாயின் நுனியில் சின்ன பலூன் வைத்தால் என்ன? இதுதான் குருன்ட்சிக்கின் யோசனை. ராத்திரி வீட்டு சமையலறை மேஜையில் பிளாஸ்டிக் குழாய், நூல், பசையோடு உட்கார்ந்துவிடுவார். மனைவியும் உதவியாளரும் கூடவே இருந்து உதவினார்கள்.

1974-ல் நோயாளியின் கால் ரத்தக்குழாயில் அந்த பலூனைப் பயன்படுத்தினார். அடுத்த இலக்கு இதயம். 1976-ல் நாய்களிடம் செய்த சோதனை முடிவுகளை அமெரிக்காவில் வைத்தபோது, பல டாக்டர்கள் நம்பவே இல்லை.

1977 செப்டம்பர் 16

சூரிக்கில் 38 வயது நோயாளி ஒருவர். இதய ரத்தக்குழாயில் அடைப்பு. அவர் முழு நினைவோடு படுத்திருக்க, குருன்ட்சிக் பலூனை உள்ளே அனுப்பி விரித்தார். அடைப்பு விலகியது. நெஞ்சைத் திறக்கவே இல்லை! 10 ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்த இடம் திறந்தே இருந்தது.

தோல்வியை மறைக்காதவர்

1979-ல் முதல் 50 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். வெற்றி 32 பேருக்குத்தான். அதை அப்படியே எழுதினார். மற்ற டாக்டர்கள் பார்க்க, நேரலையில் சிகிச்சை செய்தே கற்றுக்கொடுத்தார். 1980-ல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

1985 அக்டோபர் 27. அவரே ஓட்டிய சிறிய விமானம் ஜார்ஜியாவில் விழுந்து நொறுங்கியது. மனைவியோடு அவரும் உயிரிழந்தார். வயது 46. ரத்தக்குழாயைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டென்ட் மனிதர்களுக்கு வைக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டுதான்.

உயிரைக் காப்பாற்றுவது எது?

அந்த முதல் நோயாளிக்கு இருந்தது நெஞ்சுவலி. மாரடைப்பு நடந்துகொண்டிருந்த நேரம் அல்ல. ஆனால் இந்த சிகிச்சை அதிக உயிர்களைக் காப்பது திடீர் மாரடைப்பில்தான். ரத்தம் கிடைக்காத இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டே போகும். அதனால் பலூன் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ, அவ்வளவு நல்லது.

கேத் லேப் தூரமாக இருந்தால்? பக்கத்து மருத்துவமனையிலேயே இசிஜி எடுத்து, தேவைப்பட்டால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். இப்படி மருத்துவமனைகளை இணைத்து தமிழ்நாட்டில் 2,420 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள்.

மணமேல்குடியோ பொன்னமராவதியோ, எந்த ஊராக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடை வலி, வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் ‘கேஸ் ட்ரபிள்’ என்று சோடா குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். குருன்ட்சிக்கின் பலூன் தயாராகத்தான் இருக்கிறது; நாம் நேரத்துக்குப் போய்ச் சேரணும்.