தோளில் ஒரு தழும்பு

உங்கள் இடது தோளைக் கொஞ்சம் பாருங்கள். சின்னதாக ஒரு தழும்பு இருக்கும். எங்க ஊர்ப் பெரியவங்க அதை அம்மை குத்தின தழும்பு என்பார்கள். ஆனால் நம்மில் பலருக்கு அது காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. தந்த தழும்பு. அந்த மூன்று எழுத்தில் நடு எழுத்து ஒரு மனிதரின் பெயர். அவர்தான் ஆல்பர்ட் கால்மெட்.

1863-ல் பிரான்சில் நீஸ் நகரில் பிறந்தவர். கடற்படை டாக்டராக வேலையைத் தொடங்கியவர். 1891-ல் சைகோனில் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தை அமைத்து, பாம்புக்கடிக்கு மாற்று மருந்து தேடினார். 1895-ல் லில் நகரின் பாஸ்டர் நிறுவனத்துக்குத் தலைவரானார்.

லில் பஞ்சாலைகள் நிறைந்த ஊர். தொழிலாளர் குடும்பங்களைக் காசநோய் வாட்டியது. 1901-ல் அவர்களுக்காக ஒரு மருந்தகம் திறந்தார். ஆனா மருந்தகம் மட்டும் போதுமா? நோயே வராமல் தடுக்க வேண்டுமே!

1908-ல் கால்நடை டாக்டர் காமில் குவெரினுடன் சேர்ந்து இந்த வேலையைத் தொடங்கினார். மாட்டுக் காசநோய்க் கிருமியை உருளைக்கிழங்கு, கிளிசரின், மாட்டுப் பித்தநீர் கலந்த ஊடகத்தில் வளர்த்தார்கள். சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதிய ஊடகத்துக்கு மாற்றினார்கள். கிருமியின் வீரியம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. இடையில் உலகப்போர், லில் நகரம் ஜெர்மானியர் கையில்! அப்போதும் வேலை நிற்கவில்லை. 13 வருஷம், 230 தடவை மாற்றினார்கள். கொல்லும் கிருமி காக்கும் கிருமியானது. 1921-ல் பாரிசில் ஒரு கைக்குழந்தைக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது.

அப்புறம்தான் சோதனை. 1930-ல் ஜெர்மனியின் லூபெக் நகரில் இம்மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளில் 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பழி கால்மெட் மேல் விழுந்தது. விசாரணையில் உண்மை வெளிவந்தது. அந்த ஊர் ஆய்வுக்கூடத்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமியும் இருந்தது. அது மருந்தோடு கலந்துவிட்டது. 1932-ல் அங்கிருந்த பொறுப்பாளர்களுக்குத் தண்டனை கிடைத்தது. மறுவருஷமே, 1933-ல், கால்மெட் மறைந்தார். தன் மருந்து உலகம் முழுக்கப் பரவியதை அவர் பார்க்கவில்லை.

1948-ல் நம்ம சென்னை கிண்டியிலேயே பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் வந்தது. 1976-லிருந்து சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் இதே கிருமி மருந்தாகிறது. இன்று இதன் மரபணுவையே மாற்றி, இன்னும் நல்ல தடுப்பூசி செய்யப் பார்க்கிறார்கள். அன்று அவர் பொறுமையால் செய்ததை இன்று தொழில்நுட்பத்தால் செய்கிறார்கள்.

நண்பர்களே, அரியர் ஒன்று விழுந்தாலே சோர்ந்துவிடுகிறோம். 230 தடவையை நினைத்துப் பாருங்கள். கூடவே லூபெக்கையும் மறக்காதீர்கள். லேபிலும் ஒர்க்ஷாப்பிலும் நாம் காட்டும் சின்ன அலட்சியம், யாரோ ஒருவரின் 13 வருஷ உழைப்பையும், யாரோ ஒரு தாயின் குழந்தையையும் பலி வாங்கிவிடும். சட்டையை மாட்டும்போது அந்தத் தழும்பைப் பார்த்தால் இந்த இரண்டும் ஞாபகம் வரட்டும்!