நாலு மாடி கட்டிய ராஜா... மேல் மாடி மட்டும் அவருக்கு இல்லை!

அருமனையில இருந்து மார்த்தாண்டம் வந்து தக்கலைக்கு பஸ் ஏறினா, பத்மநாபபுரம் அரண்மனை பக்கம்தான். ஸ்கூல் டூர்ல நிறைய பேர் பார்த்திருப்பீங்க. ஆனா, அதைக் கட்டின மனுஷன் ஒரு காலத்துல தூங்க இடமில்லாம ஓடினவர்னு தெரியுமா?

அவர்தான் மார்த்தாண்ட வர்மா. பிறந்தது 1706-ல். வேணாட்டு அரச குடும்பத்துல மருமக்கள் தாய வழக்கம். அதாவது, ராஜாவுக்கு அப்புறம் பட்டம் மகனுக்கு இல்ல, சகோதரியின் மகனுக்குத்தான். ராஜா ராமவர்மாவின் மகன்களான தம்பிமார் இதை ஏத்துக்கலை. எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்களும் இளவரசருக்கு எதிரா நின்னாங்க. உயிருக்குப் பயந்து ஊர் ஊரா ஒளிஞ்சார். நெய்யாற்றின்கரையில ஒரு பலா மரப் பொந்துல ஒளிஞ்சதா இன்னிக்கும் ஜனங்க சொல்றாங்க. அந்த மரத்தைப் பத்திரமா வெச்சிருக்காங்க.

1729-ல் பட்டத்துக்கு வந்ததும் கதை மாறுச்சு. தம்பிமார் கொல்லப்பட்டாங்க. பிள்ளைமார் தலைவர்களுக்கு மரண தண்டனை. அவங்க வீடுகளை இடிச்சுத் தரைமட்டமாக்கினாங்க, குடும்பங்களும் தப்பலை. வீடில்லாம அலைஞ்சவரே அடுத்தவங்க வீட்டை அழிச்சார். அவரோட வெற்றிகளைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேசணும்.

1741-ல் குளச்சல்ல டச்சுப் படை தோத்துச்சு. பிடிபட்ட டிலனாய் என்ற அதிகாரியைக் கொல்லாம, தன் படைக்கே பயிற்சி கொடுக்க வெச்சார். காயங்குளம் உட்பட பல சிறு நாடுகள் ஒண்ணொண்ணா அவர் கைக்கு வந்து திருவிதாங்கூர் உருவாச்சு.

தலைநகரான கல்குளத்துல 1601 வாக்கில் தொடங்கின பழைய அரண்மனை இருந்துச்சு. அதை விரிவாக்கி உப்பரிகை மாளிகையைக் கட்டினார். கீழே கருவூலம், அதுக்கு மேலே ராஜாவோட படுக்கையறை. 64 வகை மூலிகை மரங்களால ஆனதாச் சொல்லப்படுற கட்டில் அங்கேதான் இருக்கு. டச்சுக்காரங்க கொடுத்த பரிசாம்!

நாலாவது மாடி? அது பத்மநாப சுவாமிக்கு. சுவரெல்லாம் ஓவியம். 1750 ஜனவரியில் நாட்டையே சுவாமிக்கு எழுதிக் கொடுத்துட்டு, பத்மநாப தாசனா, அதாவது வேலைக்காரனா ஆட்சி செய்தார். கல்குளத்துக்குப் பத்மநாபபுரம்னு பேர் வந்ததும் அவர் காலத்துலதான். பக்தியும் இருந்திருக்கும், அரசியல் கணக்கும் இருந்திருக்கும். ராஜாவை எதிர்க்கிறவன் சுவாமியையே எதிர்க்கிறவன் ஆயிடுவானே!

1758-ல் அவர் காலமானார். 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போச்சு. 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு. ஆனாலும் அரண்மனையைப் பராமரிக்கிறது இன்னிக்கும் கேரளத் தொல்லியல் துறைதான்.

திங்கட்கிழமை லீவு, மத்த நாள்ல கிளம்புங்க. முற்றத்துல நின்னு செல்ஃபி எடுக்குறதுக்கு முன்னாடி, அந்த நாலாவது மாடியை ஒரு தடவை அண்ணாந்து பாருங்க.