வில்லியம் லாம்ப்டன்

வில்லியம் லாம்ப்டன் (இறப்பு: சனவரி 20, 1823) இந்தியாவின் பெரும் முக்கோணவியல் நில அளவையைத் தொடங்கி வைத்த பிரித்தானியப் படை அலுவலர் ஆவார். அவரது முதன்மையான அளவைத் தொடர் 78 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டை ஒட்டி அமைந்தது. இக்கோடு தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்துக்கும் தருமபுரி நகருக்கும் இடையே செல்கிறது. பாராமகால் என அந்நாளில் அழைக்கப்பட்ட இப்பகுதி, 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிக்கு வந்தது.

வாழ்க்கை

லாம்ப்டன் இங்கிலாந்தின் யார்க்சயரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். அமெரிக்க விடுதலைப் போரில் பணியாற்றி, 1781இல் யார்க்டவுனில் சிறைப்பட்டார். பின்னர் கனடாவின் நியூ பிரன்சுவிக்கில் பல ஆண்டுகள் இருந்தபோது கணிதத்தைத் தாமே கற்றார். 1799ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணப் போரில், இரவில் திரும்பிக்கொண்டிருந்த படை தெற்கே செல்வதற்குப் பதிலாக எதிரியை நோக்கி வடக்கே செல்வதை விண்மீன்களைக் கொண்டு கண்டறிந்து எச்சரித்தார்.

முக்கோணங்களின் தேர்வு

சென்னை பரங்கிமலை அருகே ஏப்ரல் 10, 1802 அன்று தொடங்கி மே 22 வரை, சுமார் 7.5 மைல் நீள அடிக்கோடு 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்கப்பட்டது. வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் வெப்பநிலையும் குறிக்கப்பட்டது. சரிவான தரையில் அளந்த நீளம் ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணம் ஆகும். வேண்டியதோ கிடைமட்டப் பக்கம். ஆகவே ஒவ்வொரு சரிவுக்கும் திருத்தம் தேவைப்பட்டது.

அடிக்கோடு கிடைத்த பின் கோணங்களை மட்டும் அளந்தால் போதும். மற்ற பக்கங்களைச் சைன் விதி தந்துவிடும். இதற்கு முக்கோணம் செங்கோண முக்கோணமாக இருக்கவேண்டியதில்லை. ஆனால் எல்லா முக்கோணங்களும் சமமாகப் பயன்படா. கோணம் மிகக் குறுகினால் சிறு பிழையும் பக்க நீளத்தைப் பெரிதும் மாற்றும். சமபக்க முக்கோணமே சிறந்தது. மலையுச்சிகள் மனிதர் விரும்பியபடி அமைவதில்லை என்பதால், நடைமுறையில் கிடைத்தவை பெரும்பாலும் அசமபக்க முக்கோணங்களே. மேலும், புவிப்பரப்பு வளைந்தது. எனவே பெரிய முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180 பாகையைவிடச் சற்று மிகும்: ஏறத்தாழ 197 சதுர கி.மீ.க்கு ஒரு விகலை. வளைபரப்பில் அளந்த கோணங்களை நாண்களால் ஆன தள முக்கோணங்களுக்கு மாற்றியே லாம்ப்டன் கணக்கிட்டார்.

1804இல் பெங்களூர் அருகே இரண்டாவது அடிக்கோடு அளக்கப்பட்டது. சென்னையிலிருந்து கணித்த நீளத்துக்கும் நேரில் அளந்த நீளத்துக்கும் வேறுபாடு 4 அங்குலத்துக்கும் குறைவே. முறையின் நம்பகத்தன்மைக்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

பெரிய தியோடலைட்

அரை டன் எடையுள்ள தியோடலைட் இலண்டனில் செய்யப்பட்டது. வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் அதைக் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டுசென்றனர். பின்னர் சென்னைக்கு அனுப்பிவைத்தனர். மலைகள்தோறும் அதைச் சுமந்து ஏறிய கூலியாட்களைப் பற்றி நூல்கள் அதிகம் பேசுவதில்லை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதி, அதன் வட்டத்தகடு உருக்குலைந்தது. முழுப் பணியும் நின்றுவிடும் நிலையில், லாம்ப்டன் கூடாரத்தில் தனித்திருந்து சுமார் ஆறு வாரங்களில் அதைச் சீர்செய்தார்.

இறுதிக்காலம்

1817இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். அடுத்த ஆண்டு ஜார்ஜ் எவரெஸ்ட் அவருக்கு உதவியாளராக வந்தார். குமரிமுனைப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 10 பாகை அளவுக்கு நெடுவில் அளக்கப்பட்டிருந்தது. வடக்கு நோக்கிய பயணத்தில், இன்றைய மகாராட்டிரத்தின் இங்கன்காட்டில் லாம்ப்டன் இறந்தார். அங்கேயே அவரது கல்லறை உள்ளது. பணியை எவரெஸ்ட் தொடர்ந்து, வில்லை இமயமலை அடிவாரம் வரை கொண்டுசென்றார்.